ஐம்பதாவது பாராசூட் பிரிகேடு: வானமும் கடற்கரையும்

இந்திய இராணுவத்தின் 50-வது பாராசூட் பிரிகேடு ஆக்ராவில் இருக்கிறது. 'சத்ருஜீத்', அதாவது பகைவென்றோன், என்பது அதன் அடைமொழி. ஒரு பிரிகேடியரின் கீழ் மூன்று காலாட்படை பட்டாலியன்களும், துணைக்குப் பீரங்கி, பொறியியல், மருத்துவப் பிரிவுகளும் சேர்ந்ததுதான் பிரிகேடு. ஏறத்தாழ மூவாயிரம் பேர். மற்ற பிரிகேடுகள் லாரியிலும் ரயிலிலும் ஏற்றிப் போகும் சாமான் அத்தனையையும் இந்தப் பிரிகேடு விமானத்தில் அடக்கியாக வேண்டும். பீரங்கியும் ஜீப்பும் அறுவைச் சிகிச்சை மேசையும்கூட விமானக் கதவு வழியாக வெளியே தள்ளக்கூடிய அளவிலும் எடையிலும் இருக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடுதான் அதன் பலமும் பலவீனமும்.

1941 மே மாதத்தில் ஜெர்மனியின் வான்குடை வீரர்கள் கிரீட் தீவில் குதித்து அதைப் பிடித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் டெல்லியில் இந்தப் பிரிகேடு உருவானது. 151 ஆங்கிலேயருக்கும், 152 இந்தியருக்கும், 153 கூர்க்காக்களுக்கும் என மூன்று பட்டாலியன்கள். பயிற்சிக்குக் கிடைத்தவை வேலன்ஷியா என்ற பழைய இரட்டை இறக்கை விமானங்கள். வான்குடைகளுக்கும் பஞ்சம். அந்த ஆண்டே குதித்த முதல் இந்தியப் படைவீரர்கள் இருவர்: ஹவில்தார் மேஜர் மதுரா சிங், 152-வது பட்டாலியனின் மருத்துவ அதிகாரி லெப்டினன்ட் ஏ.ஜி. ரங்கராஜ். 'ஏ' என்பது ஆற்காடு. குதிக்கிறவனுக்குக் கால் முறிந்தால் கட்டுப் போட வேண்டிய மருத்துவரே முதல் வரிசையில் நின்று குதித்திருக்கிறார்.

குதிக்கும் முறை எளிது. விமானத்துக்குள் தலைக்கு மேலே நீளவாக்கில் ஓர் எஃகுக் கம்பி ஓடும். ஒவ்வொரு வீரரும் தன் முதுகுப் பையிலிருந்து வரும் நாடாவின் கொக்கியை அந்தக் கம்பியில் மாட்டிக்கொள்வார். கதவைத் தாண்டியதும் உடல் விழும் வேகத்தில் நாடா இறுகி, பையைத் திறந்து, குடையை வெளியே இழுத்துவிடும். வீரர் எதையும் இழுக்க வேண்டியதில்லை; நான்கு விநாடிக்குள் குடை விரிந்துவிடும். விரியாவிட்டால் மார்பில் கட்டிய மாற்றுக் குடை இருக்கிறது. பயிற்சியில் ஆயிரம் அடிக்குச் சற்று மேலிருந்து குதிக்கிறார்கள். போரில் அதைவிடத் தாழ்வாகவும் குதிப்பதுண்டு. உயரம் கூடக்கூட வீரர்கள் காற்றில் சிதறுவார்கள். குடையில் தொங்கும் நேரமும் நீளும். அந்த நேரத்தில் அவர்களால் திருப்பிச் சுட முடியாது. தரையைத் தொடும் வேகம் ஓராள் உயரத்துக்கும் அதிகமான சுவரிலிருந்து குதிப்பதற்குச் சமம். அதனால்தான் இரு முழங்கால்களையும் சேர்த்து வைத்துப் பக்கவாட்டில் உருளக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஐந்து குதிப்புகளை முடித்தவருக்கு இறக்கைச் சின்னம் கிடைக்கும்.

எங்கே இறங்குவது என்பது அடுத்த சிக்கல். உதாரணத்துக்கு, தூத்துக்குடி மாவட்டத்தில் ஆறுமுகநேரிக்கும் கடலுக்கும் இடையே விரிந்து கிடக்கும் உப்பளங்களை விமானத்திலிருந்து பார்த்தால் மரமோ மட்டையோ இல்லாத அருமையான வெளியாகத் தெரியும். கீழே இருப்பதோ பாத்தி பாத்தியாக நிற்கும் உப்புத்தண்ணீரும், கணுக்காலைப் பிசகவைக்கும் வரப்புகளும். நாற்பது கிலோ சுமையோடு அதில் விழுகிறவர் நடக்கத் தொடங்கவே பாடுபட வேண்டும். மேற்கே குதிரைமொழித் தேரியின் செம்மணல் காலுக்கு மெத்தை. ஆனால் அங்கே பனைகள் நிற்கின்றன. வரைபடமும் வான்படமும் சொல்லாததை அந்த மண்ணில் நடந்தவர்தான் சொல்ல முடியும்.

இந்தப் பிரிகேடு பேர் வாங்கிய சண்டைகள் பெரும்பாலும் வான்குடை இல்லாமல் நடந்தவை. 1944 மார்ச்சில் மணிப்பூர் மலைகளுக்கு அது அனுப்பப்பட்டது பயிற்சிக்காக. பர்மாவிலிருந்து கோகிமாவை நோக்கி வந்த ஜப்பானியப் படை சாங்ஷாக் என்ற மலைக்கிராமத்தில் எதிரே வந்து நின்றது. மேல்மண்ணுக்குக் கீழே பாறை என்பதால் ஆழமாகக் குழி வெட்ட முடியவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை. உணவும் குண்டுகளும் விமானத்திலிருந்து வான்குடையில் வந்தன. அவற்றில் பெரும்பகுதி ஜப்பானியர் பக்கம் போய் விழுந்தது. மார்ச் 26 இரவு எஞ்சியவர்கள் முற்றுகையை உடைத்துக்கொண்டு வெளியேறும்போது சுமார் அறுநூறு பேரைப் பிரிகேடு இழந்திருந்தது. ஜப்பானியருக்கு அங்கே வீணான நாட்கள், கோகிமாவும் இம்பாலும் தற்காப்புக்குத் தயாராவதற்குக் கிடைத்த நாட்கள்.

வானும் கடலும் சேர்ந்து வேலை செய்த காட்சி 1945-இல் வந்தது. ரங்கூனைக் கடல்வழியே பிடிக்க வேண்டும். ஆற்று வாயில் கண்ணிவெடிகள். கரையில் யானைமுனை என்ற இடத்தில் ஜப்பானியர். மே 1 அன்று கூர்க்கா வான்குடை வீரர்களைக் கொண்டு அமைத்த ஒரு கூட்டுப் பட்டாலியன் அங்கே குதித்தது. மழையில் நடந்து போய் முனையைப் பிடித்தது. அங்கிருந்த எதிரிகள் சுமார் நாற்பது பேர்தான். நேச நாட்டு விமானங்களே தவறிப்போட்ட குண்டுகளால் கூர்க்காக்கள் பலர் அடிபட்டார்கள். மறுநாள் 26-வது இந்திய டிவிஷன் படகுகளில் வந்து இறங்கியது. ஜப்பானியர் ரங்கூனை ஏற்கெனவே காலி செய்திருந்தார்கள்.

பிரிவினையில் இந்தியாவுக்கு வந்த இந்தப் பிரிகேடு உடனே காஷ்மீருக்குப் போனது, அங்கும் காலாட்படையாகவே. ஜங்கர் என்ற ஊர் கைவிட்டுப் போனபோது, அதை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று பாயில் உறங்கியவர் பிரிகேடின் தளபதி பிரிகேடியர் முகமது உஸ்மான். 1948 மார்ச்சில் ஜங்கர் மீண்டது. ஜூலை 3 அன்று அங்கேயே எறிகணை பட்டு அவர் இறந்தார்.

ரங்கராஜின் பெயர் அதன்பின் கொரியாவில் ஒலிக்கிறது. 1950 நவம்பரில் 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவை லெப்டினன்ட் கர்னலாக அவர் அங்கே அழைத்துப் போனார். சீனப்படை நெருங்கிவர எல்லாரும் பியோங்யாங்கைவிட்டுப் பின்வாங்கினார்கள். சாமான்களை ஏற்ற வண்டி இல்லை. மருத்துவக் கருவிகளை விட்டுவிட்டு வர மனமில்லாத அந்தப் பிரிவினர், அநாதையாக நின்ற ஒரு நீராவி இஞ்சினைக் கண்டுபிடித்துத் தாங்களே கரி தள்ளி, ரயிலை ஓட்டி வந்துசேர்ந்தார்கள். 1951 மார்ச் 23 அன்று முன்சான்-னியில் அமெரிக்க வான்குடைப் படையோடு ரங்கராஜும் அவருடைய ஆட்களுமாகப் பன்னிரண்டு பேர் குதித்துக் களத்திலேயே அறுவை மேசை போட்டார்கள். அவருக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது.

1952-இல் பாராசூட் ரெஜிமென்ட் தனியாக அமைந்தது. 1961 டிசம்பரில் போர்த்துகீசியர் வசமிருந்த கோவா. வடக்கேயிருந்து பக்கத்துணையாக வரும்படி பிரிகேடியர் சகத் சிங்கின் கீழ் இந்தப் பிரிகேடுக்கு ஆணை. தகர்க்கப்பட்ட பாலங்களைச் சுற்றி ஆறுகளைத் தாண்டி நடந்து, 19-ஆம் தேதி பனாஜிக்குள் முதலில் நுழைந்தது துணைக்கு வந்தவர்கள்தான்.

கடைசியில் 1971 வங்கதேசப் போரில், டிசம்பர் 11 அன்று, குதிப்பதற்கென்றே ஒரு வேலை வந்தது. வடக்கேயிருந்து டாக்காவுக்குப் பின்வாங்கும் பாகிஸ்தான் பிரிகேடை வழியில் மறிக்க வேண்டும். அதற்கு டாங்கைல் அருகே லோகஜங் ஆற்றின் பூங்லி பாலம் தேவை. லெப்டினன்ட் கர்னல் கே.எஸ். பன்னுவின் 2 பாரா பட்டாலியன் குழு மாலையில் குதித்தது. ஒரு வீரர் நாடாவில் சிக்கி விமானத்தின் வாலருகே தொங்கி, பிறகு விடுபட்டு இறங்கினார். அன்றிரவே பாலம் கையில் வந்தது. ஐயாயிரம் பேர் குதித்ததாக வெளிநாட்டுச் செய்திகள் எழுதின. ஒரு பட்டாலியனுக்கு அதைவிடப் பெரிய உதவியை யாரும் செய்திருக்க முடியாது. டிசம்பர் 16 அன்று டாக்காவுக்குள் முதலில் போனதும் இவர்களே.

அதே போரில், அதே மாதத்தில், கடல்வழி இறக்கம் ஒன்று தோற்றது. காக்ஸ் பஜார் அருகே 1/3 கூர்க்கா ரைபிள்ஸ் பட்டாலியனை கரியால், குல்தார் என்ற தரையிறங்கு கப்பல்களிலிருந்து கரையேற்ற முயன்றார்கள். இவ்வகைக் கப்பலின் அடி தட்டை. பின்பக்கம் நங்கூரத்தைப் போட்டுவிட்டு மூக்கைக் கரையில் ஏற்றி, முன்கதவைத் திறந்து ஆட்களை இறக்கும். திரும்பும்போது அந்த நங்கூரத்தைப் பிடித்தே தன்னை இழுத்துக்கொள்ளும். ஆனால் அங்கே கப்பல் தட்டி நின்றது கரையில் அல்ல, கரைக்கு முன்னே மறைந்திருந்த மணல்திட்டில். திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஆள் மூழ்கும் பள்ளம். சுமையோடு இறங்கிய முதல் சிலர் மூழ்கி இறந்தார்கள். எதிரி ஒருவர்கூட அங்கே இல்லை. மீதிப்பேர் உள்ளூர் நாட்டுப்படகுகளில் கரைசேர்ந்தார்கள்.

காயல்பட்டினத்திலோ வீரபாண்டியன்பட்டினத்திலோ வள்ளம் தள்ளுகிறவருக்கு இது புதிதல்ல. திட்டு எங்கே, பள்ளம் எங்கே, எந்தப் பருவத்தில் எது இடம் மாறும் என்பது தெரியாமல் அவர் கரைபிடிக்க மாட்டார். மன்னார் வளைகுடாவில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள் அடங்கும். முத்துச்சிப்பி விளையும் பார்கள் இங்கே கடலுக்கடியில் கிடக்கும் கற்பாறைத் தட்டுகள். வங்கக் கரையிலும் குஜராத் கரையிலும் ஓதம் பலமடங்கு. ஒரு கரைக்குச் சரியான கணக்கு இன்னொரு கரைக்கு உதவாது.

1988 நவம்பர் 3 அன்று மாலத்தீவில் அதிபர் கயூமைக் கவிழ்க்க இலங்கையின் பிளாட் இயக்கத்தினர் கடல்வழியே வந்து இறங்கினார்கள். அன்றிரவே ஆக்ராவிலிருந்து ஐ.எல்-76 விமானங்களில் 6 பாரா பட்டாலியன் கிளம்பியது. பிரிகேடியர் ஃபாரூக் புல்சாராவும் கூடவே போனார். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து, ஹுலுலே தீவின் ஓடுதளத்தில் இருட்டில் விமானமே தரையிறங்கியது. யாரும் குதிக்கவில்லை. அங்கிருந்து படகில் மாலே. பிணையாட்களோடு கப்பலில் தப்பியவர்களைக் கடற்படையின் கோதாவரியும் பேத்வாவும் துரத்திப் பிடித்தன. வானிலிருந்து போனாலும் கடைசி மைல் கடல்தான் என்று அந்த இரவு காட்டியது.

கடலிறக்கத்துக்கென்று தனிப் பயிற்சி பெற்ற பிரிகேடுகள் இப்போது வேறாக இருக்கின்றன. ஆறுமுகநேரிக்கு அருகிலிருப்பது திருவனந்தபுரம் பாங்கோட்டில் உள்ள 91-வது காலாட்படைப் பிரிகேடு. 2007-இல் அமெரிக்காவிடமிருந்து வாங்கிய ஜலாஷ்வா கப்பலின் வயிற்றுக்குள் தண்ணீர் விட்டுச் சிறு இறங்குபடகுகளை மிதக்கவிடலாம். பெரிய கப்பல் ஆழத்திலேயே நிற்க, படகுகள் கரைக்குப் போய்வரும். கப்பலே மணலில் மூக்கை வைக்க வேண்டிய கட்டாயம் இதில் இல்லை.

ஐம்பதாவது பிரிகேடை ஏற்றிச் செல்ல இன்று விமானப்படையின் சி-130ஜே, சி-17 விமானங்கள் இருக்கின்றன. அதன் மருத்துவப் பிரிவு 60 பாரா கள மருத்துவமனை என்ற பெயரில் தொடர்கிறது. 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்துக்குப் போன 99 பேர் அந்த மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள். இஸ்கெண்டெருனில் அவர்கள் அறுவைக் கூடமும் எக்ஸ்ரே அறையும் அமைத்தார்கள். அத்தனையும் சி-17 விமானத்தின் வயிற்றில் அடங்கிப் போனவை.