கயிற்றில் முளைத்த சிலைகள்... மிருணாளினி முகர்ஜியின் முடிச்சு உலகம்!

மூட்டை கட்ட, கட்டில் பின்ன, மாட்டைக் கட்டிப்போட... கயிறுன்னா நமக்கு இதெல்லாம்தான் ஞாபகம் வரும். அந்தச் சாதாரண சணல் கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டு, ஆள் உயரத்துக்கும் மேல் சிலைகளை எழுப்பியவர் மிருணாளினி முகர்ஜி.

1949-ல் மும்பையில் பிறந்தவர். அப்பா பினோத் பிஹாரி முகர்ஜி, சாந்திநிகேதனின் புகழ்பெற்ற ஓவியர். நடுவயதில் பார்வை முழுவதும் போன பிறகும், காகிதத்தை வெட்டி ஒட்டிக் கலையைத் தொடர்ந்தவர். அம்மா லீலா முகர்ஜி சிற்பி. கண்ணுக்கு இணையாகக் கையையும் நம்பிய வீடு அது.

பரோடாவில் ஓவியம் படித்தார் மிருணாளினி. அங்கே அவருக்குக் கிடைத்த ஆசிரியர் கே.ஜி.சுப்ரமணியன். கலை உசத்தி, கைவினை மட்டம் என்ற பாகுபாட்டை ஏற்காதவர். 1970-களின் தொடக்கத்தில் மிருணாளினி கயிற்றைக் கையில் எடுத்தார்.

தறி கிடையாது. முன்கூட்டியே வரைந்துகொள்ளும் பழக்கமும் கிடையாது. சாயம் ஏற்றிய கயிற்றை எடுத்து, முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டே போவார். உருவம் போகப் போகத்தான் பிடிபடும். கல்லில் வேண்டாததைச் செதுக்கி எடுக்கணும். இங்கே ஒவ்வொரு முடிச்சாகச் சேர்க்கணும். ஒரு பெரிய சிலைக்கு மாதக்கணக்கில் உழைப்பு. அப்படிப் பிறந்தவைதான் 'யட்சி', 'வனஸ்ரீ' போன்றவை. மடிப்பு மடிப்பாக விரியும் அவற்றைப் பார்த்தால் பூவா, உடலா, தெய்வமா என்று சட்டெனச் சொல்லிவிட முடியாது.

'கல்லும் வெண்கலமும் சிற்பம்; நூலும் கயிறும் வீட்டுப் பெண்களின் கைவேலை' என்று கலையுலகம் போட்டு வைத்திருந்த கோட்டை, வாதம் பண்ணாமலே அழித்தன இந்தச் சிலைகள். பின்னாளில் அவர் பீங்கானிலும் வெண்கலத்திலும் வேலை செய்தார். அவற்றிலும் இலையும் மொட்டும் மடிப்பும் தொடர்ந்தன.

2015 ஜனவரியில், டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவரது வாழ்நாள் படைப்புகளின் பெரிய கண்காட்சி திறக்கப்பட்டது. அடுத்த சில நாள்களிலேயே அவர் காலமானார். 2019-ல் நியூயார்க்கின் மெட் ப்ரூயர் அருங்காட்சியகம் அவருக்காகத் தனிக் கண்காட்சி நடத்தியது.

பாட்டி பின்னிய உறி வீட்டுப் பரணில் கிடந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்க. அந்த முடிச்சுகளைப் போட்ட கைக்கும் கலை தெரிஞ்சிருக்கு!