கொல்லிமலை வளைவுல கார் சாயுதா? ஸ்டெபிலைசர் பார் மாத்துறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கோங்க!

நாமக்கல் மாவட்டம் காரவள்ளி அடிவாரத்தில் இருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அரியூர் நாடு, வளப்பூர் நாடு என்று 'நாடு' பெயர் கொண்ட மலை ஊராட்சிகளுக்குப் போக இந்த வளைவுகளைத் தாண்டியாக வேண்டும். பழைய காரில் போகிறவர்களுக்கு பத்தாவது வளைவு வருவதற்குள் ஒரு விஷயம் புரிந்துவிடும். ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி வெளிப்பக்கமாகச் சாய்கிறது, பின் சீட்டில் இருப்பவர் கதவோடு ஒட்டிக்கொள்கிறார்.

உடனே பலருக்கும் வரும் யோசனை, "தடிமனான ஸ்வே பார் வாங்கி மாட்டிடலாமா?" என்பதுதான். மாட்டலாம். ஆனால் எதை, எங்கே மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்து வண்டி பிடிமானமாகவும் மாறும், ஆபத்தாகவும் மாறும்.

ஸ்வே பார் அப்படீன்னா என்ன?

நம்ம ஊர் ஷெட்டில் இதற்குப் பெயர் ஸ்டெபிலைசர் பார். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும், 'ப' வடிவில் வளைத்த ஸ்பிரிங் ஸ்டீல் கம்பி. ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் இதற்கு வேலையே இல்லை. வளைவில் ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் எழும்பும்போதுதான் கம்பி முறுக்கிக்கொண்டு சாய்வைத் தடுக்கிறது. 1919-லேயே கனடாவில் காப்புரிமை பெற்ற, நூறு வயது தாண்டிய யோசனை இது.

தடிமனில் இருக்கிற கணக்குதான் முக்கியம். கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 20 மி.மீ. கம்பியை எடுத்துவிட்டு 22 மி.மீ. போட்டால், பார்வைக்கு 2 மி.மீ. வித்தியாசம்தான். ஆனால் விறைப்பு சுமார் 46 சதவீதம் ஏறும். 24 மி.மீ. என்றால் இரண்டு மடங்குக்கும் மேல்.

அப்போ தடிமனா இருந்தா நல்லதுதானே?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். நம்மூரில் 'ஸ்போர்ட்ஸ் கார்' என்று ஆசையாகப் பராமரிக்கப்படுபவை பெரும்பாலும் 1993-ல் வந்த மாருதி ஜென், 2001-ல் வந்த ஃபியட் பாலியோ 1.6 ஜிடிஎக்ஸ் மாதிரியான கார்கள்தான். (சுத்தமான ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் கோபிக்க வேண்டாம்!) இவற்றில் எஞ்சினின் இழுவை முன்சக்கரத்துக்குப் போகிறது.

முன்பக்கம் ரொம்ப விறைப்பான பார் போட்டால், அது வளைவின் உள்பக்கச் சக்கரத்தை மேலே தூக்கும். ஏற்றத்தில், முதல் கியரில், இறுக்கமான கொண்டை ஊசியில் அந்தச் சக்கரம் பிடிப்பில்லாமல் சும்மா சுற்றும். வண்டி ஏறாது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மூக்கு வெளியே ஓடப் பார்க்கும்.

சரி, பின்பக்கம் மட்டும் விறைப்பாக்கினால்? மூக்கு நன்றாகத் திரும்பும், ஓட்டவும் ஜாலியாக இருக்கும். ஆனால் மழை நாளில் இறக்கத்தில், வளைவுக்குள் பிரேக் பிடித்தால் வண்டியின் வால் சறுக்கி வெளியே போக வாய்ப்பு அதிகம். பந்தயத் தளத்தில் அப்படிச் சறுக்கினால் ஓட இடம் இருக்கும். மலைச் சாலையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

முதல்ல புஷ்ஷைப் பாருங்க

இருபது வருஷ வண்டி சாய்கிறது என்றால், கம்பி மெலிதாக இருப்பது காரணமாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்து, இடைவெளி விழுந்திருக்கும். வண்டி கொஞ்சம் சாய்ந்த பிறகுதான் கம்பி வேலையையே தொடங்கும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சின்னப் பள்ளத்தில் இறங்கும்போது 'டக் டக்' சத்தம் வந்தால் புஷ், லிங்க் ராடு இரண்டையும் சந்தேகப்படலாம். ஷாக் அப்சார்பரையும் பார்த்துவிடுங்கள். கம்பி மாற்றுவதோடு ஒப்பிட்டால் புஷ் செலவு கொஞ்சம்தான்.

ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ்ஷும் கிடைக்கிறது. அது குறைவாக அமுங்கும், அதனால் கம்பி சட்டென்று வேலை செய்யும். ஆனால் சிலிக்கான் கிரீஸ் போடாவிட்டால் கிரீச் கிரீச் என்று உயிரை வாங்கும். ரப்பர் புஷ்ஷில் சாதாரண வண்டி கிரீஸைத் தடவாதீர்கள், ரப்பர் ஊதிப் போகும்.

மாருதி 800-இல் ஒரு சூட்சுமம் உண்டு. அதில் முன் ஸ்டெபிலைசர் பார் சாய்வைத் தடுப்பதோடு, கீழ் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமலும் பிடிக்கிறது. அங்கே புஷ் தேய்ந்தால் பிரேக் போடும்போது சக்கரமே பின்னுக்கு நகரும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இதைச் சாய்வுப் பிரச்சினை என்று நினைத்து தள்ளிப்போடக் கூடாது.

மாட்டும்போது என்ன கவனிக்கணும்?

ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி வேலை செய்யவே கூடாது. அப்போது கம்பி முறுக்கிய நிலையில் நிற்கும். லிங்க் ராடு நட்டைக் கழற்றியதும் துள்ளி கையைப் பதம் பார்க்கும். இரண்டு பக்கமும் சமமாகத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தியே கழற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

கிளாம்ப் போல்ட்டுகளை முதலில் தளர்வாக மாட்டி, கம்பி நடுவில் இருக்கிறதா என்று பார்த்து, வண்டியைத் தரையில் இறக்கி சக்கரத்தில் எடை விழுந்த பிறகு கடைசி முறுக்கு கொடுங்கள். அந்தரத்தில் வைத்தே இறுக்கினால், ஒட்டுப் போட்ட ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். கம்பியின் நுனியில் இரண்டு துளை இருந்தால், வளைவுக்குப் பக்கத்தில் உள்ள துளைதான் அதிக விறைப்பு. முதலில் நுனித் துளையிலேயே தொடங்குங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுசாகத் திருப்பி, கம்பி டயரிலோ பிரேக் ஹோஸிலோ உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள். வீல் அலைன்மென்டும் பார்த்துவிட வேண்டும்.

போலீஸ் பிடிக்குமா?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் கொடுத்ததில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று பிரிவு 182ஏ சொல்கிறது. தேய்ந்த புஷ்ஷுக்குப் பதில் அதே அளவு புஷ் போடுவது பராமரிப்பு வேலை. ஆனால் சேஸிஸில் துளை போட்டு, வெல்டிங் வைத்து புது பார் மாட்டுவதாக இருந்தால், முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுவிடுங்கள்.

புது புஷ் மாட்டியதும் நேரே காரவள்ளிக்கு வண்டியை விடாதீர்கள். சில நாள் ஊருக்குள் ஓட்டி, நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பார்த்த பிறகு மலை ஏறலாம்.