ரூம் வாடகை கம்மி, ஆனா ட்ரிப் செலவு ஜாஸ்தி! நோணாங்குப்பமா, ஒயிட் டவுனா? ஒரு கணக்கு



"இந்த மாசம் பாண்டி போறோம், ரெண்டு நைட்" என்று ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் முடிவானதும் எல்லாரும் செய்யற முதல் வேலை ஒண்ணுதான். புக்கிங் ஆப்பைத் திறந்து, விலை குறைவா இருக்கற ரூம் மேலே வர்ற மாதிரி வரிசைப்படுத்துவாங்க. மேலே வர்ற நாலு ரூமில் ஸ்விம்மிங் பூல் போட்டோ இருக்கறதை எடுத்துடுவாங்க.

அந்த லிஸ்ட் உங்களுக்குக் காட்டுறது ரூம் வாடகை மட்டும். உங்க பாக்கெட்டிலிருந்து போகப்போற பணம் வேற. ரெண்டுக்கும் நடுவுல ஆட்டோ, காலை டிபன், ஜிஎஸ்டி, கேன்சலேஷன் என்று பல விஷயம் ஒளிஞ்சிருக்கு. அதனால "எந்த ரூம் சீப்?" என்று கேட்காதீங்க. "என் திட்டத்துக்கு எந்த இடம் சீப்?" என்று கேளுங்க. நோணாங்குப்பத்தை வெச்சே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

முதல்ல இடத்தைப் புரிஞ்சுக்கலாம்

பாண்டியில் பீச் ட்ரிப் என்றால் தங்கறதுக்குப் பொதுவா மூணு பகுதி.

ஒண்ணு, ஒயிட் டவுன். பிரெஞ்சுக் காலத்துத் தெருக்கள், கஃபேக்கள், கடற்கரைச் சாலை எல்லாம் நடந்துபோற தூரம். ஆனா அங்கே கரை பெரும்பாலும் கருங்கல் போட்டது. கால் நனைச்சு மணலில் உட்கார நினைக்கறவங்களுக்கு அது சரிப்படாது. சாயங்காலம் 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டாங்க. நடக்கறவங்களுக்கு அது வரம், லக்கேஜோட காரில் வந்து இறங்கறவங்களுக்குத் தலைவலி.

ரெண்டு, நோணாங்குப்பம் பக்கம். ஊரிலிருந்து கடலூர் ரோட்டில் சுமார் 8 கி.மீ. சுண்ணாம்பாறு படகுத்துறை இங்கேதான். இங்கிருந்து படகில் போனா பாரடைஸ் பீச். தென்னை, உப்பங்கழி, அமைதி. ஆனா படகு பகலில் மட்டும்தான், சாயங்காலத்தோட முடிஞ்சுடும். அதுக்கப்புறம் கஃபே, ஷாப்பிங் எதுன்னாலும் ஊருக்குள்ளதான் போகணும். இன்னொண்ணு, இந்தப் பக்கம் 'பீச் ரிசார்ட்' என்று பேர் வெச்ச எல்லாமே கடலை ஒட்டி இருக்காது. சிலது ஆத்தங்கரையில், சிலது ரோட்டோரத்தில். மேப்பில் சாட்டிலைட் வியூ போட்டுப் பார்த்தா அஞ்சு நிமிஷத்தில் தெரிஞ்சுடும்.

மூணு, வடக்கே ஈ.சி.ஆர். பக்கம். செரினிட்டி பீச், கோட்டக்குப்பம், ஆரோவில் ஏரியா. இதைப் பத்திக் கீழே தனியா ஒரு விஷயம் இருக்கு.

ஒரே ரூம், ரெண்டு திட்டம்

இப்போ கணக்கு. கீழே இருக்கற வாடகையும் ஆட்டோ கட்டணமும் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்ட எண்கள். உங்க தேதிக்கு என்ன விலையோ அதைப் போட்டுக்கோங்க.

ரெண்டு பேர், ரெண்டு நைட். ஒயிட் டவுன் ரூம் ஒரு நைட்டுக்கு ரூ.5,500, காலை டிபன் சேர்த்து. நோணாங்குப்பம் ரூம் ரூ.4,600, டிபன் கிடையாது. ஊருக்கும் நோணாங்குப்பத்துக்கும் ஆட்டோ ஒரு தடவைக்கு ரூ.300. வெளியே டிபன் ஒரு ஆளுக்கு ரூ.200.

ஆப்பில் பார்த்தா ரெண்டு நைட்டுக்கு நோணாங்குப்பம் ரூ.1,800 சீப்.

திட்டம் 1: பஸ்ஸில் வர்றீங்க. ரெண்டு சாயங்காலமும் ஊருக்குள்ள சுத்தணும், ஒரு தடவை படகில் போகணும்.

- நோணாங்குப்பம்: வாடகை 9,200 + ஜிஎஸ்டி 5% 460 + டிபன் 800 + ரெண்டு தடவை ஊருக்குப் போய்வர ஆட்டோ 1,200 = ரூ.11,660
- ஒயிட் டவுன்: வாடகை 11,000 + ஜிஎஸ்டி 550 + ஒரு தடவை படகுத்துறைக்குப் போய்வர ஆட்டோ 600 = ரூ.12,150

வித்தியாசம் வெறும் 490 ரூபா. ஆளுக்கு 245. ராத்திரி 10 மணிக்கு ஆட்டோ தேடி நிக்கற அலைச்சல் இந்த 245-க்குள்ள அடங்குமா என்று நீங்களே யோசிங்க. என்னைக் கேட்டா, இந்தத் திட்டத்துக்கு ஒயிட் டவுன்தான்.

திட்டம் 2: பெத்தவங்களைக் கூட்டிட்டுப் போறீங்க, இல்ல சின்னக் குழந்தை இருக்கு. ரெண்டு நாளும் தண்ணி, மணல், ஓய்வு. ஊருக்கு ஒரே ஒரு தடவை.

- நோணாங்குப்பம்: 9,660 + டிபன் 800 + ஆட்டோ 600 = ரூ.11,060
- ஒயிட் டவுன்: 11,550 + ரெண்டு நாளும் படகுத்துறைக்குப் போய்வர 1,200 = ரூ.12,750

இப்போ வித்தியாசம் ரூ.1,690. நோணாங்குப்பம் தெளிவா ஜெயிக்குது. சொந்தக் காரில் நாலு பேர் போனாலும் அப்படித்தான், ஏன்னா ஆட்டோச் செலவே காணாம போயிடும். பஸ்ஸில் வர்றவங்களுக்கும் ஒரு வழி இருக்கு. பாண்டி – கடலூர் பஸ் எல்லாம் இந்த ரோட்டில்தான் போகுது, பகலில் அதிலேயே போய் வந்துடலாம்.

ரூம் அதே, விலை அதே. மாறினது திட்டம் மட்டும். அதனால ரூம் தேடறதுக்கு முன்னாடி ஒரு பேப்பரில் எத்தனை தடவை எங்கே போகப்போறீங்க என்று எழுதுங்க.

கரீபியன் தீவுகளில், ஜமைக்கா மாதிரி இடங்களில், 'ஆல் இன்க்ளூசிவ்' என்று ரூம், சாப்பாடு, குடிக்கறது எல்லாத்தையும் ஒரே விலையில் போட்டுடற ரிசார்ட்டுகள் பிரபலம். அதில் ஒப்பிட்டுப் பார்க்கறது சுலபம். நம்ம ஊரில் பெரும்பாலும் அப்படி இல்ல, அதனால அந்த ஒரே விலையை நாமளே கூட்டிப் போட்டுக்கணும்.

7,500 என்ற கோடு

2025 செப்டம்பர் 22-லிருந்து, ஒரு ரூமுக்கு ஒரு நாள் வாடகை ரூ.7,500 வரைக்கும் ஜிஎஸ்டி 5%. அதுக்கு முன்னாடி 12% இருந்தது. 7,500-ஐத் தாண்டினா 18%.

வருமான வரி ஸ்லாப் மாதிரி, தாண்டின தொகைக்கு மட்டும் கூடுதல் வரி என்று நினைச்சுடாதீங்க. முழுத் தொகைக்கும் 18%.

- வாடகை 7,500: வரி 375, மொத்தம் 7,875
- வாடகை 7,600: வரி 1,368, மொத்தம் 8,968

வாடகை 100 ரூபா ஏறினதுக்கு நீங்க கட்டுறது 1,093 ரூபா கூட! வீக்எண்ட், நியூ இயர் நேரத்தில் பாண்டி ரிசார்ட்டுகளில் விலை இந்தக் கோட்டைத் தாண்டறது சகஜம். ரூம் 7,600, 7,800 என்று இருந்தா ஹோட்டலுக்கு நேரா போன் போட்டு, "7,500-க்குத் தர முடியுமா?" என்று கேளுங்க. 7,600 ரூபா ரூம் என்றால் அவங்களுக்கு வாடகையில் 100 ரூபாதான் குறையும், உங்களுக்கு ஆயிரத்துக்கு மேல் மிச்சம். கேட்கறதில் தப்பே இல்ல.

சாப்பாட்டு பில்லிலும் இதே கோடு

சாதாரண ரெஸ்டாரண்டில் ஜிஎஸ்டி 5%. ஆனா போன நிதியாண்டில் ஏதாவது ஒரு ரூமையாவது நாளுக்கு 7,500-க்கு மேல் விட்ட ஹோட்டலாக இருந்தா, அதுக்குள்ள இருக்கற ரெஸ்டாரண்டில் 18%. நீங்க 4,000 ரூபா ரூமில் தங்கியிருந்தாலும் அதேதான். ரெண்டு நாளில் ரூ.4,000-க்கு அங்கேயே சாப்பிட்டா வரி 200-க்குப் பதிலா 720. வெளியே நடந்துபோய் சாப்பிட இடம் இல்லாத ரிசார்ட்டில் இந்தச் செலவைத் தவிர்க்க வழியே இருக்காது. புக் பண்ணும்போதே "ரெஸ்டாரண்ட் பில்லில் ஜிஎஸ்டி எவ்வளவு?" என்று கேட்டுடுங்க.

சர்வீஸ் சார்ஜ் வேற, ஜிஎஸ்டி வேற. சர்வீஸ் சார்ஜை பில்லில் தானா சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செஞ்சது. பில்லில் இருந்தா எடுக்கச் சொல்லலாம். எடுக்க மறுத்தா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

33-ஆ, 34-ஆ?

மேலே விட்டுவெச்ச ஈ.சி.ஆர். விஷயம் இதுதான். 'பாண்டி ரிசார்ட்' என்று விளம்பரம் பண்ற பல இடங்கள் உண்மையில் பாண்டியிலேயே இல்ல. கோட்டக்குப்பம், செரினிட்டி பீச், பொம்மையார்பாளையம் எல்லாம் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். ஹோட்டலோட ஜிஎஸ்டி நம்பரில் முதல் ரெண்டு இலக்கத்தைப் பாருங்க. 34 என்றால் புதுச்சேரி, 33 என்றால் தமிழ்நாடு.

இதனால என்ன? பாண்டியில் வாங்கின மது பாட்டிலோட 33-க்குள்ள இருக்கற ரூமுக்குத் திரும்பினா, அது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், வழியில் செக்போஸ்டும் உண்டு. குரூப்பில் யாருக்காவது அந்த பிளான் இருந்தா முன்கூட்டியே சொல்லிவெச்சுடுங்க.

அந்த நம்பரை ஜிஎஸ்டி போர்ட்டலில் போட்டா யார் பேரில் பதிவாகியிருக்கு என்றும் தெரியும். போலி ரிசார்ட் பக்கங்கள் உலவுற காலம் இது. அட்வான்ஸை யாரோ ஒருத்தரோட தனிப்பட்ட யுபிஐ ஐடிக்கு அனுப்பச் சொன்னா நிறுத்துங்க. பணம் போயிடுச்சு என்றால் உடனே 1930-க்கு கூப்பிடுங்க.

கேன்சலேஷனுக்கு ஒரு சின்ன ஃபார்முலா

ரீஃபண்ட் உள்ள ரூம் ரூ.5,000, ரீஃபண்ட் இல்லாதது ரூ.4,400 என்று வெச்சுக்கோங்க. மிச்சம் 12%. அப்போ நீங்க கேன்சல் பண்ற வாய்ப்பு 12%-க்கு மேல், அதாவது எட்டுல ஒண்ணுக்குப் பக்கமா இருந்தா, 5,000 ரூபா ரூம்தான் லாபம். ரிலீஸ் நேரத்தில் மேனேஜர் லீவை ரத்து பண்ற டீமில் வேலை செய்யறவங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்!

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும் இன்னும் கவனம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெங்கல் புயல் புதுச்சேரி பக்கம்தான் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை. ஆத்தங்கரையும் படகும்தான் உங்க திட்டம் என்றால், மழைக்காலத்தில் ரீஃபண்ட் உள்ள ரூமை மட்டும் எடுங்க.

பணம் எங்கிருந்து?

"ஹோட்டல் பில்லை எல்.டி.ஏ.வில் காட்டலாமா சார்?" என்ற கேள்வி அடிக்கடி வரும். முடியாது. எல்.டி.ஏ. விலக்கு போக்குவரத்துச் செலவுக்கு மட்டும், அதுவும் பழைய வரி முறையில் இருக்கறவங்களுக்கு மட்டும். நாலு வருஷத்துக்கு ரெண்டு பயணம்தான், இப்போ நடக்கறது 2026-2029. சென்னை – பாண்டி பஸ் டிக்கெட்டுக்காக அதில் ஒண்ணை வீணாக்காதீங்க, தூரப் பயணத்துக்கு வெச்சுக்கோங்க.

கிரெடிட் கார்டில் போட்டு மினிமம் ட்யூ கட்டினா, பல கார்டுகளில் மாசம் 3.5% அளவுக்கு வட்டி, அதுக்கு மேல் ஜிஎஸ்டி. ரெண்டு நாள் பீச்சுக்கு அது வேண்டாம். மாசம் 1,500 என்று ஆறு மாசம் ஆர்.டி. போட்டா 9,000 கையில் இருக்கும். மேலே போட்ட கணக்குப்படி தங்கற செலவு ஆளுக்கு சுமார் 6,000. மீதி 3,000-இல் பஸ், படகு, சாப்பாடு.

கடைசியா ஒரு விஷயம். குரூப்பில் எல்லாருக்கும் ஒரே சம்பளம் இல்ல. போன மாசம் சேர்ந்த பையன், வீட்டுக்குப் பணம் அனுப்பற பொண்ணு, ஹோம் லோன் கட்டுறவர் எல்லாரும் அதே குரூப்பில்தான் இருக்காங்க. யாரோ ஒருத்தர் 8,000 ரூபா ரிசார்ட் லிங்க் போட்டதும் மத்தவங்க தம்ஸ்-அப் போட்டுடுவாங்க, 'என்னால முடியாது' என்று அங்கே சொல்ல கூச்சமா இருக்கும். அதனால லிங்க் வர்றதுக்கு முன்னாடி, "ஆளுக்கு மொத்தம் எவ்வளவு வரைக்கும் ஓகே?" என்று ஒவ்வொருத்தரையும் தனியா மெசேஜில் கேளுங்க. வர்றதிலேயே குறைஞ்ச தொகை எதுவோ, அதுதான் குரூப்போட பட்ஜெட். அதுக்குள்ள வர்ற இடத்தைத் தேடுங்க.

முடிஞ்சா சனி-ஞாயிறுக்குப் பதிலா ஞாயிறு போய் செவ்வாய் திரும்புங்க. ரெண்டு நாள் லீவு போகும், ஆனா வார நாளில் வாடகையும் குறையும், படகுத்துறையில் கூட்டமும் குறையும்.

உங்க அடுத்த பாண்டி ட்ரிப்புக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, எந்தப் பக்கம் ஜெயிச்சுது என்று கமெண்ட்டில் சொல்லுங்க.