கப்பற் சிப்பந்திக்குச் ‘சந்தோஷம்’ – எப்போது, எவ்வளவு?

கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறிவிட்ட பிள்ளைகள், ஊரிலிருந்து வரும் தாய் தந்தையரை ஒரு வாரகாலம் உல்லாசக் கப்பலில் ஏற்றிக் கடலைச் சுற்றிக் காட்டுவது இந்நாளிற் பெருவழக்காகி வருகின்றது. சீட்டு எடுப்பது, விசாப் பெறுவது, பெட்டி கட்டுவது யாவையும் பிள்ளைகளே பார்த்துக்கொள்வர். ஆயினும் கப்பலேறிய அன்று மாலையே பெரியவர்கள் மனத்தில் ஓர் ஐயம் தலைதூக்கும். அறையைத் துப்புரவாக்கி, கட்டில் விரிப்பை மாற்றி, துவாயை மடித்து ஒரு நாள் யானையாகவும் மறுநாட் குரங்காகவும் செய்து கட்டிலின்மேல் வைத்துவிட்டுச் செல்கிறாரே ஓர் இளைஞர், அவருக்கு என்ன கொடுப்பது? எப்போது கொடுப்பது? கொடாதுவிட்டால் நம்மவர் கஞ்சர் என்று எண்ணுவாரோ?

“அதெல்லாம் கணக்கிலை சேர்த்துப் போட்டாங்கள் அப்பா, நீங்கள் ஒண்டும் குடுக்கத் தேவையில்லை” என்பான் மகன். தந்தையாருக்கு மனம் ஆறாது. கைநீட்டிக் கொடாத காசு கொடுத்த காசாகுமா என்பது அவர் கேள்வி. இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. அதை விளங்கிக்கொள்ள, இவ்வழக்கம் வந்த வழியைச் சற்றே திரும்பிப் பார்த்தல் நன்று.

நம் நாட்டில் இதனைச் ‘சந்தோஷம்’ என்போம். கொடுப்பவர் மனமுவந்து கொடுப்பது, கொடாதுவிட்டாற் கேட்கமுடியாதது என்ற இரு பொருளும் அச்சொல்லுள் அடங்கும். கப்பல்களில் அது அவ்வாறு இருந்ததே இல்லை எனலாம். 1912ஆம் ஆண்டில் மூழ்கிய டைட்டானிக் கப்பலில் ஓர் அறைப் பணியாளரின் மாதச் சம்பளம் 3 பவுண் 15 ஷில்லிங். அதே கப்பலில் மூன்றாம் வகுப்புப் பிரயாணி ஒருவர் ஒருமுறை அத்திலாந்திக்கைக் கடப்பதற்குக் கொடுத்த கட்டணம் ஏறத்தாழ 7 பவுண். இரண்டு மாதம் உழைத்தாற்றான் மிகமலிந்த ஒரு சீட்டுக்குக் காணும். செல்வந்தர் இறங்கும்போது கையில் வைத்துச் செல்லும் காசை நம்பியே அப்பணியாளர் குடும்பம் நடத்தினார். கம்பனியும் அதை நன்கறிந்தே சம்பளத்தை அந்த அளவில் வைத்திருந்தது. (கப்பல் மூழ்கியதோடு சிப்பந்திகளின் சம்பளமும் நின்றுபோயிற்று, அக்காலச் சட்டம் அப்படி.)

ஆகாய விமானம் பெருகிய பின்னர், ஊர்விட்டு ஊர் போவதற்கெனக் கப்பலேறியோர் அருகி, உல்லாசத்துக்காகவே கப்பலேறுவோர் பெருகினர். பழைய வழக்கமும் கூடவே வந்தது. பிரயாணத்தின் கடைசி இரவில் அறைக்குள் வெற்றுக் கடித உறைகள் சில வைக்கப்பட்டிருக்கும். ஒன்று அறைப் பணியாளருக்கு, ஒன்று உணவு பரிமாறுவோருக்கு, மற்றொன்று அவருடைய உதவியாளுக்கு. நாளொன்றுக்கு இன்னாருக்கு இவ்வளவு என்று கம்பனியே ஒரு துண்டில் அச்சிட்டு வைப்பதும் உண்டு. வாரம் முழுவதும் ஒரே மேசை, ஒரே பரிமாறுவோர் என்றிருந்த காலத்தில் இது பொருத்தமாகவே நடந்தது.

இவ்வொழுங்கு குலைந்ததற்குக் காரணம் சாப்பாட்டு மேசை என்றால் வியப்பாக இருக்கும். 2000ஆம் ஆண்டளவில் நோர்வீஜியன் கம்பனி, விரும்பிய நேரத்தில் விரும்பிய உணவுச்சாலையில் உண்ணலாம் என்ற புதுமுறையைக் கொண்டுவந்தது. ஒவ்வோரிரவும் வேறொருவர் பரிமாறினாற் கடைசி இரவில் உறையை யாரிடம் கொடுப்பது? ஆகவே தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைப் பிரயாணியின் கணக்கிலேயே எழுதிக்கொள்ளும் முறை பிறந்தது. மற்றக் கம்பனிகளும் ஒவ்வொன்றாக அவ்வழிக்கு வந்தன. றோயல் கரீபியன் 2013ஆம் ஆண்டில் வந்தது. இன்று அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் பெருங்கப்பல்களில் இதுவே பொதுவிதி.

தொகை எவ்வளவு? கார்ணிவல் கம்பனி 2023 ஏப்ரலிற் சாதாரண அறைகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 14.50 டொலரிலிருந்து 16 டொலராக உயர்த்தியது. றோயல் கரீபியன் 2024 நவம்பரில் 18.50 டொலராக்கியது. நோர்வீஜியன் 2023 தொடக்கத்தில் 20 டொலராக்கியது. பெரிய சொகுசறைகளுக்கு இவற்றினும் கூட. ஓரிரு வருடங்களுக்கொருமுறை இத்தொகை ஏறிக்கொண்டே வருவதால், சீட்டு எடுக்கும் அன்று உள்ள வீதத்தை விசாரித்தறிதல் வேண்டும். முன்கூட்டியே செலுத்திவிட்டால், இடையில் ஏற்றம் வந்தாலும் பழைய வீதமே நிற்பது வழக்கம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தாய், தந்தை, மகன், மருமகள் என நால்வர், 7 இரவு, நாளுக்கு 18.50 டொலர் வீதம் என்றால் 518 டொலர். சீட்டு விலையை மட்டும் பார்த்து மலிவென்று மகிழ்ந்தவர், கடைசி நாளில் இக்கணக்கைக் கண்டு திடுக்கிடுவது இதனாலேதான். குழந்தைக்கும் இக்கட்டணம் உண்டா என்பது கம்பனிக்குக் கம்பனி வேறுபடும்; கார்ணிவலில் 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இல்லை. இதைவிட, வாங்கிக் குடிக்கும் ஒவ்வொரு பானத்துக்கும் நூற்றுக்கு 18 முதல் 20 வீதம்வரை தனியே சேர்க்கப்படும். அங்கே பற்றுச்சீட்டின் அடியில் ‘மேலதிகம்’ என்று ஒரு வெற்றுக் கோடு இருக்கும். அது இரண்டாம் முறை கொடுப்பதற்கானது. அதைக் கண்டு மயங்கி நிரப்ப வேண்டுவதில்லை.

இனி, இக்காசு யாருக்குப் போகின்றது என்பதைப் பார்ப்போம். அறைப் பணியாளர், பரிமாறுவோர், அவர்தம் உதவியாளர் ஆகியோருக்கும், நாம் ஒருபோதும் முகங்காணாத சலவைக்காரர் முதலியோருக்கும் பங்கு உண்டு என்று கம்பனிகள் கூறுகின்றன. பங்கீட்டின் விவரம் பலவேளைகளில் வெளியே தெரிவதில்லை. ஆனால் ஒன்று திண்ணம்: மக்கள் பெருந்தொகையாகச் செல்லும் கப்பல்களில் அறைப் பணியாளர் பெறும் வருமானத்தின் கணிசமான பகுதி இதிலிருந்தே வருகின்றது. பெயர் சன்மானம், உண்மையிற் கூலி.

இவ்வாறு இயல்வது எங்ஙனம் என்று கேட்கலாம். கப்பலின் பின்புறத்திற் பறக்கும் கொடியைப் பார்த்தால் விளங்கும். மியாமியிலிருந்து புறப்பட்டு மியாமிக்கே திரும்பும் கப்பலிலும் பறப்பது பஹாமாஸின் கொடியாக, அல்லது பனாமாவின் கொடியாக இருக்கும். அமெரிக்காவின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் பிறநாட்டுக் கொடியுள்ள கப்பலின் சிப்பந்திகளுக்குச் செல்லாது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியாவின் கோவா முதலிய இடங்களிலிருந்து வரும் இளைஞர்கள் ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தத்தில், நீர்மட்டத்தையொட்டிய கீழ்த்தட்டுகளில் இருவர் ஓரறையாகத் தங்கி, பெரும்பாலும் ஓய்வுநாள் என்று ஒன்றின்றியே உழைக்கின்றனர். 2013 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடற்றொழிலாளர் சர்வதேச உடன்படிக்கை ஒரு வரம்பு கட்டியிருக்கின்றது. அந்த வரம்பே 24 மணித்தியாலத்தில் 14 மணித்தியாலம், ஏழு நாளில் 72 மணித்தியாலம் வேலைசெய்விக்க இடந்தருகின்றது. நம் கந்தோர் உத்தியோகத்தர் எவரும் இதை ஒரு கிழமைக்குமேற் தாங்குவாரென்று நமக்குத் தோன்றவில்லை.

ஏற்றம் வரும்போதெல்லாம் சிப்பந்தியின் கைக்குக் கூடுதலாகச் சேருகின்றதென்றும் எண்ணிவிடலாகாது. மேலே கூறிய நோர்வீஜியன் கம்பனி கட்டணத்தை 20 டொலராக்கிய அதே 2023 தொடக்கத்தில், சாதாரண அறைகளை நாளுக்கு இருமுறை துப்புரவாக்கிய வழக்கத்தை ஒருமுறையாகக் குறைத்தது. காசு கூடியது, சேவை குறைந்தது. இவ்வாறு நடக்கையிற் பிரயாணிக்குக் கோபம் வருவது நியாயமே.

ஆனால் அக்கோபம் போய்ச் சேரும் இடம் தவறிவிடுகின்றது. நாம் சென்ற ஒரு கப்பலிற் கடைசி நாட் பிற்பகல், பிரயாணிகள் கருமபீடத்தின் முன் நீண்ட வரிசை. பாதிப்பேர் இக்கட்டணத்தைக் கணக்கிலிருந்து நீக்கக் கோரி நின்றவர்கள். (பல கம்பனிகள் இதை அனுமதிக்கின்றன; கப்பலை விட்டு இறங்குமுன் கேட்கவேண்டும்.) நம்மவர் ஒருவரும் அவ்வரிசையில் நின்றார். “எங்கட அறைக்கு வாற பெடியனுக்கு நான் நேரிலை குடுப்பன், கம்பனிக்கு ஏன் குடுப்பான்?” என்பது அவர் வாதம். கேட்க நேர்மையாகத்தான் இருக்கின்றது. ஆயின் கணக்கிலிருந்து நீக்கிய பிரயாணி கையிற் கொடுக்கும் காசைப் பொதுப் பணத்தில் ஒப்படைத்துவிட வேண்டும் என்பதே பல கப்பல்களின் விதி. நீக்காத பிரயாணி மேலதிகமாகக் கொடுப்பதுமட்டுமே சிப்பந்திக்குச் சொந்தமாகும். ஆகவே நீக்கிவிட்டு நேரிற் கொடுத்தவர், தாம் கொடுக்க எண்ணியவருக்குக் கொடுத்தவராகார். சலவை அறையிலும் குசினியிலும் நின்றவருக்கோ ஒன்றுமே இல்லை. 518 டொலரை மீட்டு 40 டொலரை உறையிலிட்டு, தருமம் செய்துவிட்டதாக இறங்கிச் செல்வோரும் உளர். அவர்களைப் பற்றி நாம் யாது சொல்ல?

கட்டணத்தை நீக்கக் கேட்பது பொருந்தும் சந்தர்ப்பமும் ஒன்றுண்டு. அறை இரண்டு மூன்று நாள் கவனிப்பாரற்றுக் கிடந்து, முறையிட்டும் பயன் காணாதவர் குறைத்துக் கொடுக்க உரிமையுடையவர். அதுவும் முறையிட்ட பின்னர். கடைசி நாளில் அன்று. முறையை வெறுப்பவர்கள் வேறு கம்பனியைத் தேடலாம். பிரித்தானியாவின் பி அன்ட் ஓ கம்பனி 2019 மே மாதத்தில் இக்கட்டணத்தை அறவே ஒழித்துச் சீட்டு விலைக்குள் அடக்கிவிட்டது. சில்வர்சீ, சீபோர்ண், றீஜன்ற் முதலிய விலையுயர்ந்த கப்பல்களிலும் அது சீட்டுக்குள் அடக்கம். சம்பளத்தைக் கம்பனியே கொடுத்து, விலையை முழுதாகச் சொல்வது நமக்கு மேலானதாகப் படுகின்றது. மலிந்த விலையை விளம்பரத்தில் எழுதி, கூலியைப் பின்னர் வாங்குவது வியாபாரத் தந்திரம்.

சரி, கட்டணத்தைச் செலுத்தியாயிற்று. அப்பால் ஏதேனும் கொடுக்க வேண்டுமா? கடமை இல்லை. முன்பு கேட்ட தந்தையாரின் மனமுவந்த ‘சந்தோஷத்து’க்கு இடம் இங்கேதான். ஒரு வாரப் பிரயாணத்துக்கு, ஓர் அறைக்கு 20 முதல் 40 டொலர் என்பது பலர் கைக்கொள்ளும் அளவு. மூன்றாமவர் நான்காமவருக்கென மேலே இழுத்துப் போடும் கட்டில் உள்ள அறை, இரவில் வாந்தியெடுத்த குழந்தை, சக்கர நாற்காலியிற் செல்லும் பாட்டி, நாள்தோறும் வெந்நீர் கேட்கும் தாத்தா என்றால் அதற்குத் தக்கபடி கூடும். தனிப் பணியாள் அமர்த்தப்பட்ட சொகுசறைக்காரர் நம்மிடம் ஆலோசனை கேட்கப் போவதில்லை.

எப்போது கொடுப்பது என்பதிற் கருத்து வேறுபாடு உண்டு. முதல் நாளே ஒரு 20 டொலர் நோட்டை நீட்டினால் வாரம் முழுவதும் ராசோபசாரம் கிடைக்கும் என்பர் சிலர். நமக்கு அது உவப்பில்லை. அது நன்றியாகாது, கைக்கூலியின் சாயல் உடையது. தவிர, அப்பணியாளர் பத்துப் பன்னிரண்டு அறைக்குமேற் பார்ப்பவர். உங்கள் அறையில் மட்டும் நேரத்தைச் செலவிட அவராலும் முடியாது. குறிப்பாக ஏதேனும் உதவி கேட்டுப் பெற்ற அன்றே சிறிதளவு கொடுப்பதும், எஞ்சியதைக் கடைசி இரவுக்கு முந்தின மாலையிற் கொடுப்பதும் சிறந்தது. ஏன் கடைசி இரவு ஆகாது? அன்றிரவு பெட்டிகளை வாசலுக்கு வெளியே வைத்துவிட வேண்டும்; நடைபாதையெங்கும் பெட்டியும் பரபரப்பும். பணியாளர் பெட்டி சேர்க்கும் வேலையிலிருப்பார். முந்தின மாலையில் அவர் முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லி, இரண்டு வார்த்தை பேசிக் கொடுக்கலாம்.

கொடுக்கும் நோட்டையும் கவனிக்க வேண்டும். கப்பலின் கணக்கு எந்த நாணயத்தில் நடக்கின்றதோ அதிலேயே கொடுத்தல் நன்று. அமெரிக்கக் கப்பல்களில் டொலர். சில்லறைக் குற்றிகளைக் குவித்துக் கொடுப்பது உபகாரமாகாது, ஊருக்குப் போனபின் அவற்றை எந்த நாணயமாற்றுக்காரனும் வாங்கான். இந்தோனேசியாவிற் கசங்கிய, கிழிந்த, கிறுக்கிய டொலர் நோட்டைக்கூட வாங்க மறுப்பார்கள். புறப்படுமுன் வங்கியிற் புதிய 5, 10, 20 டொலர் நோட்டுகளாக மாற்றி ஒரு கடித உறையில் வைத்துக்கொள்க. கப்பலிலேயே மாற்றப் போனால் கடைசி நாட்களிற் சிறு நோட்டுக் கிடைப்பது அரிது.

காசோடு இன்னொன்றும் செய்யலாம், அதற்குச் செலவில்லை. பிரயாணம் முடிந்தபின் கம்பனி அனுப்பும் கருத்துப் படிவத்தில் அறைப் பணியாளரின் பெயரை எழுத்துப்பிழையின்றிக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதுதல் வேண்டும். அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவியுயர்வுக்கும் அது துணையாகும். பெயரை மார்பிலணிந்த பட்டத்திற் பார்த்து முதல் நாளே குறித்துக்கொள்ளலாம். நம் பிள்ளைகளிடம் அதைக் கேட்டால், “துவாய் யானை செய்யிற அண்ணை” என்றுதான் சொல்வார்கள்.

இறுதியாகத் துறைமுகச் சுமைகாரர். கொழும்பிலே நாட்டாமி என்று அழைப்போமே, அவர்களைப்போல. இவர்கள் கரைத் தொழிலாளர். கப்பற் கணக்கில் இவர்களுக்குப் பங்கில்லை. ஏறும்போது பெட்டியை ஒப்படைக்கையில் பெட்டிக்கு ஒன்று அல்லது இரண்டு டொலர் கொடுப்பது அமெரிக்கத் துறைமுக வழக்கம். இறங்கும் காலையிலும் உதவி பெற்றால் அவ்வாறே. எனவே இருந்த நோட்டையெல்லாம் மேலே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு இறங்காமல், நாலைந்து ஒற்றை டொலர்களைச் சட்டைப்பையில் மிச்சம் பிடித்து வைத்திருக்க. அதற்குள் மேலே உங்கள் அறையில் விரிப்பு மாற்றியாகிக்கொண்டிருக்கும். அன்று நண்பகலுக்கே அடுத்த குடும்பம் வந்துவிடும்.