லேப்டாப் கொடுத்தால் மார்க் ஏறுமா? பெரு நாடு 10 ஆண்டுகளில் கற்ற பாடம்

குழந்தையின் கையில் ஒரு லேப்டாப்பைக் கொடுத்தால் போதும், படிப்பு தானாக வந்துவிடும். இந்த நம்பிக்கையில்தான் 2005-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபோன்ட், 'ஒன் லேப்டாப் பர் சைல்டு' திட்டத்தை அறிவித்தார். விலை 100 டாலர் என்றார்கள். நடைமுறையில் அது 200 டாலரை நெருங்கிவிட்டது.

திட்டத்தை மிகப் பெரிய அளவில் எடுத்துக்கொண்ட நாடு, தென் அமெரிக்காவின் பெரு. 2008-ல் தொடங்கி 8 லட்சத்துக்கும் அதிகமான லேப்டாப்கள் வாங்கப்பட்டன. ஏழை நாட்டின் கிராமப் பள்ளிகளுக்கு இது சின்னத் தொகை இல்லை. பலன் கிடைத்ததா?

எப்படி சோதித்தார்கள்?

லேப்டாப் வந்த பள்ளியில் மார்க் கூடினால், காரணம் லேப்டாப்தான் என்று சொல்லிவிட முடியாது. நல்ல ஆசிரியர் வந்திருக்கலாம். அந்த ஊரே வசதியான ஊராக இருக்கலாம். அதனால் குலுக்கல் முறை. ஒரே மாதிரியான கிராமத் தொடக்கப் பள்ளிகளில் சிலவற்றுக்கு முதலில் லேப்டாப், மற்றவற்றுக்கு இல்லை. பிறகு இரண்டு தரப்பையும் ஒப்பிட வேண்டும். இன்டர்-அமெரிக்கன் வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் 319 பள்ளிகளில் இதைத்தான் செய்தார்கள்.

ரிசல்ட் என்ன?

* சுமார் 15 மாதங்களுக்குப் பிறகும் கணிதம், மொழிப்பாடம் இரண்டிலும் மாற்றம் இல்லை. பள்ளி வருகையும் கூடவில்லை.
* புதிர் வடிவங்களைக் கண்டுபிடிப்பது போன்ற பொதுச் சிந்தனைத் திறன் தேர்வுகளில் மட்டும் சிறிய முன்னேற்றம். சுமார் 5 மாத வளர்ச்சிக்குச் சமம்.
* 531 பள்ளிகளின் 10 ஆண்டுத் தரவுகளைப் பார்த்த அடுத்த ஆய்வு 2024-ல் வெளியானது. கணினித் திறன் கூடியிருந்தது. ஆனால் படிப்பை முடிப்பதிலோ, பல்கலைக்கழகத்தில் சேருவதிலோ வித்தியாசம் இல்லை. முதலில் தெரிந்த சிந்தனைத் திறன் முன்னேற்றமும் காணோம்.

எங்கே சறுக்கியது?

பெரும்பாலான பள்ளிகளில் இன்டர்நெட் இல்லை. பாடத்திட்டத்தோடு இணைந்த கணித மென்பொருளும் இல்லை. மாணவர்கள் அதிகம் பயன்படுத்தியது எழுதுவதற்கும், விளையாட்டுக்கும், பாட்டுக்கும்தான். வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்பதுதான் திட்டம். பாதிப் பேர்கூட அப்படி எடுத்துப் போகவில்லை. ஆசிரியர்களுக்குக் கொஞ்சம் பயிற்சி கிடைத்தாலும், வகுப்பில் கணினிப் பயன்பாடு குறைவாகவே இருந்தது. கருவி மாறியது, பாடம் நடத்தும் விதம் மாறவில்லை.

அப்போ கம்ப்யூட்டரே வேஸ்ட்டா?

இல்லை. டெல்லியில் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருளை வைத்து, பள்ளி நேரம் முடிந்ததும் நடந்த மையங்களிலும் குலுக்கல் முறையில் ஆய்வு நடந்தது. 7-ம் வகுப்புப் பையனுக்கு 4-ம் வகுப்புக் கணக்கே தடுமாற்றம் என்றால், மென்பொருள் அங்கிருந்தே தொடங்கும். நான்கரை மாதங்களில் கணிதத்தில் நல்ல முன்னேற்றம், இந்தியிலும் தெரிந்தது. கூடவே உதவி ஆசிரியர்களும் இருந்தார்கள்.

தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டம் மேல்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கானது. பெருவின் முடிவை அதற்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் எந்த ஊரில் இப்படி ஒரு திட்டம் வந்தாலும், 'எத்தனை லட்சம் லேப்டாப்?' என்பதோடு நிறுத்தாமல் மூன்று கேள்விகள் கேட்கலாம். அதில் என்ன பாடம் இருக்கிறது? ஆசிரியருக்கு என்ன உதவி? பலனை யார், எப்படி அளக்கப் போகிறார்கள்?