“கொஞ்சம் கலராப் போடுங்கண்ணே”

பத்தாவது, பிளஸ் டூ பிள்ளைகளிடம் பரீட்சைக்குப் போட்டோ கேட்கும் சமயத்தில், ராஜபாளையத்தில் எங்கள் ஸ்டுடியோ வாசலில் சைக்கிள் நிறுத்த இடம் இருக்காது. பிள்ளைகள் பெரும்பாலும் அம்மாவோடு வருவார்கள். மில்லில் ஷிப்ட் முடிந்து நேரே வந்த அம்மாவாக இருக்கும். தலையில் பஞ்சுத் தூசி இன்னும் ஒட்டியிருக்கும். பிள்ளையை ஸ்டூலில் உட்காரவைத்து, நான் குடை லைட்டை நகர்த்துவதற்குள் அம்மா சொல்லிவிடுவார்: “அண்ணே, கொஞ்சம் கலராப் போட்டுக் குடுங்க. அவ அக்கா அளவுக்கு இவளுக்கு நிறம் வரல.”

கெட்ட எண்ணத்தில் யாரும் இதைச் சொல்வதில்லை. மகள் போட்டோவில் நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான். ஆனால் கேமராவுக்குப் பின்னால் நிற்பவனுக்கு வேறொன்று தெரியும். அந்தச் சொல் காதில் விழுந்ததும் பிள்ளையின் தோள் இறங்கிவிடும். தாடை உள்ளே போகும். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த வாய் பல்லை மூடிக்கொள்ளும். அதன்பின் எத்தனை தடவை எடுத்தாலும், ஸ்டூலில் வந்து உட்கார்ந்த அந்தப் பெண் கிடைக்க மாட்டாள்.

பையன்களுக்கும் இதே கதைதான். அரும்பு மீசையைக் கறுப்பாக்கித் தரச் சொல்வான் ஒருவன். கன்னம் ஒட்டியிருக்கிறது, உப்பலாக்க முடியுமா என்பான் இன்னொருவன். கழுத்தில் இருக்கும் தீக்காயத் தழும்பு தெரியக் கூடாது என்று சட்டைக் காலரை இழுத்து இழுத்து விடுவான் மற்றொருவன். பதின்மூன்றிலிருந்து பதினேழு வரை இந்தப் பாடு. ஊரே தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று இந்த வயதில் தோன்றும். டேவிட் எல்கைண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1967-லேயே இதை எழுதியிருக்கிறார்: பிள்ளைகள் மனசுக்குள் ஒரு கூட்டத்தைக் கற்பனையாக உட்காரவைத்து, அதன் முன்னால் நடமாடுகிறார்களாம். இன்று அந்தக் கூட்டம் கைப்பேசிக்குள் நிஜமாகவே வந்து உட்கார்ந்திருக்கிறது.

என் தொழிலில் நான் நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளைகள் வெறுக்கும் படம் பல நேரங்களில் அவர்களுடைய முகமே அல்ல. லென்ஸும் வெளிச்சமும் சேர்ந்து செய்த கோளாறு அது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துப் பள்ளிகளில் குரூப் போட்டோ எடுக்கப் போவேன். உச்சிவெயில், சுண்ணாம்பு அடித்த சுவர், எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை. கேமராவை அதன் போக்கில் விட்டால், அத்தனை வெள்ளையையும் பார்த்து ‘வெளிச்சம் அதிகம்’ என்று முடிவு செய்து படத்தை மொத்தமாக இருட்டாக்கிவிடும். சட்டை தெளிவாக இருக்கும். மாநிறப் பிள்ளைகளின் முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். அந்தப் படத்தை வகுப்பில் கொடுத்தால் அன்று முழுக்க யாரோ ஒரு பிள்ளைக்குப் பட்டப்பெயர்தான். அதே பிள்ளைகளைக் காலை எட்டரைக்கு வேப்பமர நிழலில் நிறுத்தி, ஒருவரை வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைக் கீழே பிடிக்கச் சொல்லி, கேமராவில் வெளிச்சத்தை ஒரு படி கூட்டினால் போதும். ஒவ்வொரு முகமும் தன் நிறத்திலேயே துலங்கும். யாரையும் வெளுக்க வேண்டியதில்லை.

பிலிம் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணாச்சி, ரோலை மதுரை லேபுக்குக் கொடுத்தனுப்பிவிட்டுக் கவலையோடு காத்திருப்பார். கறுத்த மாப்பிள்ளையும் சிவத்த பொண்ணும் ஒரே பிரேமில் இருந்தால் ஒருவர் முகம் கெடும். காரணம் பின்னால்தான் தெரிந்தது. பிரிண்டின் நிறம் சரியா என்று ஒப்பிட, 1950-களிலிருந்து கோடக் நிறுவனம் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் நின்றவர் பெயரால் அதற்கு ‘ஷெர்லி கார்டு’ என்றே பெயர். அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் வியாபாரிகளும் ‘எங்கள் பொருளின் பழுப்பு நிறங்கள் படத்தில் பிரிந்து தெரியவில்லை’ என்று புகார் செய்த பிறகே பிலிம் மாறத் தொடங்கியது என்கிறார், இதை ஆராய்ந்த கனடாப் பேராசிரியர் லோர்னா ராத். பழுப்பு மனிதர்களுக்காக முதலில் அது மாறவில்லை என்பது என்னைக் கோபப்படுத்துகிறது. எங்கள் ஊரில் எத்தனை பெண்கள் அந்தப் பிரிண்டுகளைப் பார்த்து, தாங்கள் அழகில்லை என்று முடிவு செய்திருப்பார்கள்!

இன்றைய பிள்ளைகளுக்கு செல்ஃபி. முகத்திலிருந்து ஒரு அடி தூரத்தில் பிடித்தால், ஐந்தடியிலிருந்து எடுப்பதைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று அமெரிக்க மருத்துவர்கள் 2018-ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். மூக்கு அப்படியேதான் இருக்கிறது. கைநீளம் போதவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று, நம் முகத்தை நாம் பழகியிருப்பது கண்ணாடியில், இடவலம் மாறி. போட்டோ அப்படி மாறாமல் காட்டுவதால் நமக்கு மட்டும் என்னவோ கோணலாகத் தோன்றும். 1977-ல் விஸ்கான்சினில் ஒரு சோதனை செய்தார்கள். தன் படங்களில் கண்ணாடியில் தெரிவது போன்றதையே பெரும்பாலும் ஒருவர் விரும்பினார். அவருடைய தோழி விரும்பியதோ நேர்ப்படத்தை. இதைச் சொன்னால் பிள்ளைகள் உடனே போனை எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்கள். பார்த்ததும் முகத்தில் ஒரு நிம்மதி வரும்.

கண்ணாடி என்றதும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு ஆண்டாள் கோயிலின் கண்ணாடிக் கிணறு நினைவுக்கு வரும். வடபத்ரசாயிப் பெருமாளுக்குக் கட்டிய மாலையை ஆண்டாள் தானே போட்டுக்கொண்டு, அழகு பார்த்தது அந்தத் தண்ணீரில்தான் என்பார்கள். அப்பா பெரியாழ்வார் பார்த்துவிட்டுப் பதறி, வேறு மாலை கட்டினார். பெருமாளோ அவள் சூடிய மாலைதான் வேண்டும் என்றார். புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கு இன்றும் அந்தக் கோயிலிலிருந்து ஆண்டாள் மாலை போகிறது. தன்னைப் பார்த்துத் தானே மகிழ்ந்த ஒரு சின்னப் பெண்ணைத்தான் ஊரே கும்பிடுகிறது. அவள் உருகி உருகிப் பாடியதும் கருநிறத்தவனை. அந்த ஊரில், அவள் தேர் ஓடும் வீதியில், “கறுப்பா இருந்துக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி என்னடி இம்புட்டு நேரம்” என்று ஒரு பெண்ணைக் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மெலனின் என்ற நிறமியை உண்டாக்கும் செல்கள் வெள்ளையருக்கும் நமக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கைதான். அவை எவ்வளவு, எந்த வகை நிறமி செய்கின்றன என்பதில்தான் வித்தியாசம். நமக்கு அது கூடுதலாக இருப்பது வெயிலிடமிருந்து காப்பதற்கு. இது தெரியாமல், பெயர் தெரியாத சிவப்பழகு கிரீமைப் பிள்ளைகள் பூசிக்கொள்கிறார்கள். சிலவற்றில் பாதரசம் இருக்கும். 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைக் கோட்டக்கல் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். ஸ்டீராய்டு கலந்த கிரீமை டாக்டர் சொல்லாமல் பூசினால் முதலில் வெளுக்கும். பிறகு தோல் மெலிந்து, பருவும் சிவப்பும் முடியும் வரும். நிறத்துக்கு எதிரான இந்த மனநிலையை எதிர்த்து, சென்னையில் கவிதா இம்மானுவேல் தொடங்கிய ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009-ல் ஒரு பிரசாரத்தை ஆரம்பித்தது. நடிகை நந்திதா தாஸ் பின்னர் அதற்கு முகமானார். 1975-லிருந்து விற்ற ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020-ல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனது. கடையில் பெயர் மாறியது நல்லதுதான். வீட்டுப் பேச்சு மாறுவதுதான் பிள்ளைக்கு வேண்டியது.

மோரிஸ் ரோசன்பர்க் என்பவர் நியூயார்க் மாநிலத்தில் ஐயாயிரம் பள்ளிப் பிள்ளைகளின் தன்மதிப்பை அளந்து 1965-ல் புத்தகமாக வெளியிட்டார். பெற்றோர் தங்கள்மேல் அக்கறை காட்டியதாகச் சொன்ன பிள்ளைகளின் தன்மதிப்பு உயர்ந்திருந்தது. அக்கறை என்று அவர் பார்த்தது சாதாரண விஷயங்கள்: நண்பர்கள் யார் என்று தெரிந்திருப்பது, சாப்பிடும்போது பிள்ளை பேசுவதைக் கேட்பது. அதனால் பெற்றோரை ஐந்து நிமிடம் வெளியே டீ குடிக்கச் சொல்லிவிட்டு, நான் முதலில் பிள்ளையிடம் பேச்சுக் கொடுப்பேன். சஞ்சீவி மலை ஏறியிருக்கிறாயா, அய்யனார் அருவியில் தண்ணி வந்துருச்சா என்று. பதில் சொல்லும்போதே தோள் நிமிரும். அப்போது அமுக்குவேன்.

எங்கள் கடையில் ஒரு விதி உண்டு. சாதாரணப் போட்டோவில் பருவை எடுத்துத் தருவோம். அது தானாகப் போகக்கூடியது. மச்சம், தழும்பு, நிறம் எதையும் தொட மாட்டோம். வேறு கடைக்குப் போகிறவர்கள் போகட்டும்.

தோற்றத்தை நினைத்து ஒரு பிள்ளை பள்ளிக்கே போக மறுத்தால், சாப்பிடாமல் கிடந்தால், 14416 என்ற டெலி மனாஸ் எண்ணுக்குப் பேசுங்கள். காசு கிடையாது, இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம்.

வீட்டிலேயே நல்ல படம் எடுக்கலாம். காலையிலோ சாயங்காலமோ ஜன்னல் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். ஐந்தடி தள்ளி நின்று, வேண்டுமானால் ஜூம் செய்துகொள்ளுங்கள். திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள். பத்துப் படம் எடுத்து, எது நல்லாயிருக்கிறது என்று பிள்ளையே சொல்லட்டும். அதைப் பிரிண்ட் போட்டு, அக்கா படத்துக்குப் பக்கத்தில் அதே அளவில் மாட்டுங்கள்.