முடக்குவாதம்: மூட்டை அரிக்கும் புரதம்; எட்டாத உயரத்தில் மருந்து

புதுதில்லி: காலையில் கண்விழித்ததும் விரல்களை மடக்க முடிவதில்லை. மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. ஒரு மணி நேரம் கழிந்த பின்னரே கை வசத்துக்கு வருகிறது. வயதானால் வரும் மூட்டுவலி என்று ஒதுக்கிவிடப்படும் இந்த அறிகுறி, பல நேரங்களில் முடக்குவாதத்தின் தொடக்கமாக இருக்கிறது. குடும்பப் பாரத்தைச் சுமக்கும் நடுத்தர வயதிலேயே பலரை இது பிடிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களே இருமடங்குக்கு மேல் பாதிக்கப்படுகின்றனர்.

தலைநகரை ஒட்டிய கிராமப் பகுதியில் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழக மருத்துவர்கள் வீடு வீடாகச் சென்று நடத்திய ஆய்வு 1993-ல் வெளியானது. வயது வந்தோரில் 0.75 சதவீதம் பேருக்கு இந்நோய் இருப்பதாக அது கூறியது. அதாவது ஆயிரம் பேருக்கு ஏழெட்டுப் பேர்.

தவறான கட்டளை

உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த மூட்டையே எதிரியாகக் கருதித் தாக்குவதுதான் இந்நோய். இத்தாக்குதலுக்குக் கட்டளை கொண்டு செல்பவை 'சைட்டோகைன்' எனப்படும் சிறு புரதங்கள். ஓர் எதிர்ப்பு அணுவிலிருந்து வெளிப்பட்டு மற்றோர் அணுவுக்குச் செய்தி சொல்வதே இவற்றின் வேலை. கிருமி நுழையும்போது அபாயச் சங்கு ஊதும் இப்புரதங்கள், முடக்குவாதத்தில் கிருமியே இல்லாதபோதும் ஓயாமல் ஊதிக்கொண்டிருக்கின்றன.

இவற்றுள் முதன்மையானது டி.என்.எஃப். ஆல்பா. இது இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 ஆகியவற்றையும் தூண்டிவிடுகிறது. மூட்டின் உட்சவ்வு தடித்து வீங்குகிறது, குருத்தெலும்பு சிதைகிறது, எலும்பைக் கரைக்கும் அணுக்கள் விழித்துக்கொள்கின்றன. இன்டர்லூகின்-6 இரத்தத்தில் கலந்து சோர்வையும் இரத்தசோகையையும் உண்டாக்குகிறது.

லூதியானா முதல் லண்டன் வரை

இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியை அறுத்தால் மற்றவையும் அடங்கும் என்பதை லண்டனில் மார்க் ஃபெல்ட்மனுடன் இணைந்து நிறுவியவர் ரவீந்தர் மைனி. இவர் பஞ்சாபின் லூதியானாவில் 1937-ல் பிறந்தவர். டி.என்.எஃப்.பைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்தை 1992-ல் இக்குழுவினர் நோயாளிகளுக்குச் செலுத்தியபோது வலியும் வீக்கமும் வேகமாகக் குறைந்தன. 2003-ல் இருவருக்கும் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

இந்தியாவில் இவ்வகை மருந்துகளின் விலை நெடுங்காலம் மலைக்கவைப்பதாகவே இருந்தது. 2014 டிசம்பரில் அகமதாபாத்தைச் சேர்ந்த சைடஸ் காடிலா நிறுவனம், அடலிமுமாப் மருந்தின் உலகின் முதல் ஒத்த வடிவத்தை அமெரிக்க விலையில் சுமார் ஐந்தில் ஒரு பங்குக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போதும் ஓர் ஊசி ஏறத்தாழ 200 டாலர். இரு வாரத்துக்கு ஒன்று என மாதம் இரண்டு ஊசி தேவை. போட்டியால் பின்னர் விலை குறைந்தபோதிலும், கூலி வேலை செய்து பிழைக்கும் குடும்பத்துக்கு அது இன்றும் எட்டாத தொகையே.

எல்லா நோயாளிக்கும் இந்த ஊசி தேவைப்படுவதில்லை. வாரம் ஒருமுறை உண்ணும் மெதோட்ரெக்சேட் மாத்திரை மலிவானது. பலருக்கு அதுவே போதும். அதற்கு அடங்காத நோயாளிகளின் நிலைதான் கவலைக்குரியது.

காசநோய் நாட்டில் கூடுதல் எச்சரிக்கை

மற்றொரு சிக்கலும் உண்டு. நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி வேலி அமைத்துக் காவல் காப்பதும் இதே டி.என்.எஃப்.தான். அதைத் தடுத்தால் வேலி தளர்கிறது. இன்ஃப்ளிக்சிமாப் பெற்றவர்களில் 70 பேருக்குக் காசநோய் ஏற்பட்டதாக 2001-ல் வெளியான ஆய்வறிக்கை உலகை எச்சரித்தது. உலகக் காசநோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவர் வாழும் நம் நாட்டில், மறைந்திருக்கும் தொற்றைச் சோதிக்காமல் இந்த ஊசியைப் போடுவது ஆபத்தாகும்.

அரசு நினைத்தால்...

இன்டர்லூகின்-6 செயல்பாட்டைத் தடுக்கும் டோசிலிசுமாப், முடக்குவாத நோயாளிகளுக்கான மருந்துதான். கொரோனா இரண்டாம் அலையில் அதற்கு நாடெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. 2021 ஜூன் மாதம் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், அதன் மீதான வரியை முழுமையாக நீக்கியது. சலுகை அந்த ஆண்டு டிசம்பருடன் முடிந்தது. தேவை என்று கருதினால் அரசால் தலையிட முடியும் என்பதற்கு அதுவே சான்று.

2018-ல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டுப் பெறும் சிகிச்சைக்கானது. முடக்குவாதமோ ஆண்டுக்கணக்கில் வெளிநோயாளியாகவே சிகிச்சை பெற வேண்டிய நோய். அந்த மாத்திரைக்கும் ஊசிக்கும் சோதனைக்கும் ஆகும் செலவு இத்திட்டத்துக்கு வெளியே நிற்கிறது. நோய் தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே எலும்பு அரிக்கப்படத் தொடங்கிவிடுகிறது. கோணிய விரல் பிறகு தானாக நிமிர்வதில்லை. மாவட்ட மருத்துவமனைகளில் தொடக்கத்திலேயே நோயைக் கண்டறியவும், காசநோய்ச் சோதனையுடன் இம்மருந்துகளை இலவசமாக வழங்கவும் மத்திய, மாநில அரசுகள் முன்வர வேண்டும்.